அயன் மெய்டன் இசைத்தட்டுக்கள்: புகும் வாயில் எது?

விழா மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் எழுதுவது யாதாயிருக்குமென அன்பர்கள் முன்னரே ஊகித்திருப்பர். ஆறுமுக நாவலரின் வசனநடை, அல்லது புறநானூற்றில் ஒரு துறை, அல்லது மறைந்த அதிபர் ஒருவரின் நினைவு. மலர்க் குழுவினரும் இவற்றுள் ஒன்றையே எம்மிடம் எதிர்பார்த்தனர். யாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டபோது அவர்கள் சற்றுத் திகைத்தனர் என்பதை மறைத்தற்கில்லை. ஆயினும் விழா என்பது நமக்கு மட்டும் உரியதன்று. 1975 ஆம் ஆண்டு நத்தார் தினத்தில், கிழக்கு இலண்டனின் லெய்ற்றன் பகுதியைச் சேர்ந்த ஸ்டீவ் ஹரிஸ் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் ஓர் இசைக்குழுவை அமைத்தார். ‘இரும்புக் கன்னி’ எனப் பொருள்படும் ‘அயன் மெய்டன்’ என்பது அதற்கு அவர் இட்ட பெயர். உள்ளே ஆணிகள் பதித்த வதைப்பேழை ஒன்றைக் கதைகள் அப்பெயரால் வழங்கும். அக்குழு தன் ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டு 2025 இல் பொன்விழாப் பயணத்தைத் தொடங்கிற்று. ஹெவி மெற்றல் எனப்படும் வல்லோசை இசையிலே இத்துணைக் காலம் தளராது நின்ற குழுக்கள் மிகச் சில.

1980 தொடக்கம் 2021 வரை அக்குழு 17 இசைத்தட்டுக்களை வெளியிட்டுள்ளது. இசை நிகழ்ச்சிகளிற் பதிவுசெய்யப்பட்டவையும் தொகுப்புக்களும் இக்கணக்கிற் சேரா. பதினேழையும் இடையறாது கேட்பின் 16 மணி நேரத்துக்கு மேற் செல்லும். இன்று இவை யாவும் மாணவரின் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன, கிடைப்பதிலே தொல்லையில்லை, தொடங்குவதிலேதான் தொல்லை.

2022 ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், எம் மேசைமேற் கிடந்த பழைய ஒலிநாடாவின் உறையைக் கண்டு, “சேர், இவர்களைக் கேட்கவேண்டும் என்றால் எதிலிருந்து தொடங்கவேண்டும்?” என்று வினாவினான். யாம் ஆராயாது, முந்திய ஆண்டு வெளிவந்த ‘செஞ்சுற்சு’ என்னும் இரட்டைத் தட்டைச் சொல்லிவிட்டோம். புதியது என்பதைத் தவிர அவ்விடைக்கு வேறு காரணம் இருக்கவில்லை. மூன்றாம் நாள் அவன் வந்து, மிகுந்த மரியாதையோடு, “நல்லாய்த்தான் இருக்கிறது சேர்; ஆனால் ஒரு பாட்டு முடியுமுன் நான் நித்திரையாய்ப் போய்விட்டேன்” என்றான். அதன்பின் அவன் அதுபற்றி எம்மிடம் பேசியதில்லை. இப்பொழுது கல்லூரியை விட்டும் சென்றுவிட்டான். ஓர் இளைஞன் ஆசிரியனிடம் இத்தகைய வினாவை ஒருமுறைதான் கேட்பான். விடை பிழைத்தால் அவ்வாயில் அடைபடுகின்றது. சென்ற தவணையில் வேறொரு மாணவன் அதே வினாவோடு வந்தான். பழைய மாணவர் ஒன்றுகூடலிலும் அன்பர் ஒருவர் தம் மகளின் பொருட்டு அதையே கேட்டார். ஆதலின் இம்முறை ஆற அமர எழுதிவிடுவதெனத் துணிந்தோம்.

வந்த வரிசையிலேயே கேட்கலாமே என்பது எவர்க்கும் முதலில் தோன்றும் எண்ணம். அது முறையானதுபோலத் தோன்றினும் தமிழ் கற்கப் புகுவோனிடம் தொல்காப்பியத்தை முதலிற் கொடுப்பதை ஒக்கும். இக்குழுவின் முதலிரு தட்டுக்களிற் பாடியவர் வேறொருவர். பிற்காலத்தில் உலகம் அறிந்த குரல் மூன்றாந் தட்டிலேதான் வருகின்றது. எனவே காலவரிசை பிடித்துச் செல்வோன், ஒரு குரலுக்குச் செவியைப் பழக்கி, உடனே அதனை மறக்கவேண்டியவனாகின்றான். புதியதிலிருந்து பின்னோக்கிச் செல்வதன் பயனை மேலே கண்டோம். பிரபலமான பாடல்களைத் திரட்டிய தொகுப்பைக் கேட்பதும் போதாது. இக்குழுவினர் ஒவ்வொரு தட்டையும் ஒரு நூலாகவே ஆக்குகின்றனர். தனிப்பாடற் றிரட்டு நூலின் சுவையைத் தராது.

புகுமுன், செவி எதனைத் தேடவேண்டும் என்பதைச் சொல்லிவிடுதல் நன்று. இன்றேல் எல்லாம் பேரிரைச்சலாகவே படும். முதலாவது, நடை. ஹரிஸ் வாசிப்பது பேஸ் கிற்றார். மந்தர ஒலியைத் தரும் நான்கு தந்திக் கருவி. பிற குழுக்களில் அது பின்னணியில் மறைந்து நிற்கும். இங்கோ முன்னின்று இழுத்துச் செல்லும். அவர் வில்லை எதுவுங் கொள்ளாது வெறும் விரல்களாலேயே மீட்டுகின்றார். அந்நடையை ஆங்கிலேயர் குதிரைப் பாய்ச்சல் என்பர். யாப்புக் கற்ற மாணவர்க்கு அதனை விளக்கல் எளிது. ‘தானன தானன’ என்னுஞ் சந்தத்தை விரலால் மேசையில் விரைந்து தட்டிப் பாருங்கள். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை. நெடில் ஒன்றும் குறில் இரண்டுமாக அடைவு மீண்டும் மீண்டும் வரக் குளம்போசை பிறக்கும். திருப்புகழிற் பழகிய செவிக்கு அது அந்நியமன்று. இரண்டாவது, இணைக் கிற்றார். நம் நாதசுரக் கச்சேரியில் இருவர் சேர்ந்து வாசிப்பின் ஒரே சுரத்தையே ஊதுவர். இக்குழுவிலோ ஒருவர் ஒரு சுரத்திலே செல்ல, மற்றவர் அதற்கு மூன்றாஞ் சுரத்திலே நின்று, இருவரும் ஒரே நடையிற் பிரியாது செல்வர். மூன்றாவது, கதை. இவர்களுடைய பாடல்களிற் காதல் அரிது. போர், கடல், மரணம், பழைய நூல்கள், சரித்திரம் என்பனவே பொருள். தமிழாசிரியரை இழுத்துக்கொண்டது இம்மூன்றாவதே எனின் அன்பர்கள் வியவார்.

இம்மூன்றும் ஒருங்கே முதிர்ந்து நிற்கும் தட்டு எதுவோ அதுவே வாயில். எம் கருத்தில் அது 1984 செப்ரெம்பரில் வெளிவந்த ‘பவர்ஸ்லேவ்’. ‘அதிகாரத்தின் அடிமை’ எனத் தமிழாக்கலாம். பஹாமாத் தீவிலுள்ள நாசோ நகரில் ஒலிப்பதிவான ஐந்தாந் தட்டு இது. முன்னைய தட்டின் ஐவரும் மாறாது மீண்டும் கூடியமையால் வாசிப்பிலே ஓர் உறுதி காணப்படுகின்றது. ஹரிஸ், பாடகர் புரூஸ் டிக்கின்சன், கிற்றார் வாசிக்கும் டேவ் மறே, ஏட்றியன் ஸ்மித், தாள வாத்தியக்காரர் நிக்கோ மக்பிறெய்ன் என்போர் அவ்வைவர். முதற் பாடல் 1940 இல் பிரித்தானிய வானத்திலே நிகழ்ந்த போரில், எச்சரிக்கை ஒலி கேட்டு விமானத்துக்கு ஓடும் விமானியின் கூற்று. இரண்டாவது அணுவாயுதம் பற்றியது. உலகின் அழிவு எத்துணை அண்மையிலுள்ளது என்பதை விஞ்ஞானிகள் ஒரு கற்பனைக் கடிகாரத்தாற் காட்டிவந்தனர். 1953 இல் நீரகக் குண்டுப் பரிசோதனைகளை அடுத்து அதன் முள்ளை நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம் முன்னதாக வைத்தனர். பாடலின் பெயர் அங்கிருந்து வந்தது. தட்டின் நடுப்பகுதி சற்றுத் தளர்வு. டிக்கின்சன் வாட்போட்டியிற் பயின்றவர். அதனாலோ என்னவோ வாட்போர் பற்றிய பாடல்கள் இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று போதும். பின்னர், தன்னைத் தெய்வமெனக் கருதிய எகிப்திய மன்னன் தன் மரணத்தை எதிர்நோக்கும் பாடல் வருகின்றது. தட்டின் பெயரும் உறையிலுள்ள பிரமாண்டமான எகிப்தியச் சிலையும் அப்பாடலுக்கு உரியவை.

இறுதிப் பாடலே எல்லாவற்றினும் சிறந்தது. ஆங்கிலக் கவிஞர் கோல்றிட்ஜ் 1798 இல் வெளியிட்ட முதுமாலுமியின் கதைப்பாட்டை ஹரிஸ் 13 நிமிடத்துக்கு மேற்பட்ட ஒரு பாடலாக ஆக்கியுள்ளார். ஆங்கில வகுப்பிலே அக்கவிதையைக் கற்ற மூத்த மாணவர் நம்முட் பலர் உளர். திருமண வீட்டுக்குச் செல்லும் விருந்தினனை வழிமறித்து மாலுமி தன் கதையைச் சொல்கிறான். கப்பலைத் தொடர்ந்து வந்த அல்பற்றோஸ் என்னும் கடற்பறவையை அவன் காரணமின்றி எய்து கொன்றான், காற்று நின்றது, நாற்புறமும் நீர் சூழ்ந்திருக்கத் தோழர் தாகத்தால் மாண்டனர், இறந்த பறவை அவன் கழுத்திலே தொங்கிற்று. ஓரிரவு நீர்ப்பாம்புகளின் அழகைக் கண்டு தன்னையறியாது அவற்றை வாழ்த்தினான். அக்கணமே பறவை கழுத்தினின்றும் வீழ்ந்தது. ஹரிஸ் கவிதையைச் சுருக்கித் தம் சொல்லிலே பாடி, ஈரிடங்களிற் கவிஞரின் அடிகளை அவ்வாறே வைத்துள்ளார். அவ்விடங்களிற் சொல்லின் தரம் உயர்வதை எவரும் உணர்வர். அதனை மறைக்க அவர் முயலவில்லை என்பதே எமக்குப் பிடித்தது. காற்று நின்ற இடத்திலே இசையும் நின்றுவிடுகின்றது. கப்பலின் மரங்கள் முனகும் ஓசையும், தாழ்ந்த குரலில் ஒருவர் பேசுவதும், அடியிலே மெல்லிய பேஸ் ஒலியுமே சில நிமிடம் கேட்கும்.

இவ்விடத்தைப் பற்றி எமக்கொரு சொந்த நினைவு உண்டு. எம் தமையனாரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. எண்பதுகளிற் கொழும்பிலே தொழில் பார்த்தபோது, பணங்கொடுத்து ஒலிநாடாவிற் பதிந்துகொண்ட ‘பவர்ஸ்லேவ்’ ஒன்றை வைத்திருந்தார். 1993 இல் வெளிநாடு சென்றபோது அதனை எம்மிடம் விட்டுச் சென்றார். அக்காலம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மின்கலமும் கிடைத்தற்கரிய பொருள். துவிச்சக்கரவண்டியை நிறுத்திவைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னைக் கொண்டே வானொலி கேட்ட நாட்களை அன்பர்கள் மறந்திரார். எம் சிறிய தாயாரின் மகன் சுற்ற, யாம் கேட்போம். பின் யாம் சுற்ற, அவன் கேட்பான். கை தளர்ந்தால் டிக்கின்சனின் குரலும் தளர்ந்து பாதாளத்துக்கு இறங்கும். வேகம் கூடினாற் கீச்சிடும். அப்பாடலின் நடுவே கப்பல் முனகும் இடம் முதன்முறை வந்தபோது, அவன் சுற்றுவதை நிறுத்திவிட்டான் என்று எண்ணி யாம் ஏசினோம். அவனோ வியர்வை வடியச் சுற்றிக்கொண்டிருந்தான். அசையாக் கடலிலே அசையாது நின்ற கப்பலை அன்றுபோல் யாம் பின்பு கேட்டதில்லை.

பவர்ஸ்லேவை நான்கைந்து முறை கேட்டபின் ஈராண்டு பின்னோக்கி, 1982 மார்ச்சில் வெளிவந்த ‘த நம்பர் ஒவ் த பீஸ்ற்’ என்னுந் தட்டுக்குச் செல்க. டிக்கின்சன் பாடிய முதற்றட்டு இதுவே. பிரித்தானியாவில் முதலிடத்தைப் பெற்ற முதற்றட்டும் இதுவே. ‘மிருகத்தின் இலக்கம்’ என்னும் அப்பெயர் விவிலியத்தின் இறுதி நூலிலிருந்து வந்தது. அதனாலும், உறையிலே பேயுருவும் சாத்தானும் தோன்றுவதாலும், அமெரிக்காவிற் சமயக் குழுவினர் சிலர் இத்தட்டைத் தீயிலிட்டனர். பெற்றோர் ஒருவர் எம்மிடமும் வந்து, “மாஸ்ரர், இது சாத்தானைக் கும்பிடுகிற பாட்டாமே?” என்று கவலையோடு கேட்டதுண்டு. அவருக்குச் சொன்னதையே இங்குஞ் சொல்கின்றோம். திரைப்படமொன்றைப் பார்த்த இரவு ஹரிஸ் கண்ட தீக்கனவே அப்பாடலுக்கு வித்து. பாடுவோன் தான் கண்டதைக் கண்டு நடுங்குபவன், வழிபடுபவன் அல்லன். கலிங்கத்துப் பரணியிலே பேய்கள் பிணக்கூழ் அட்டு உண்ணுவதை வகுப்பிற் கூசாது பாடஞ் சொல்லும் நாம், சயங்கொண்டாரைப் பேய் என்பதில்லையே. உறைகளில் வரும் அவ்வெலும்புருவுக்கு ‘எடி’ என்று பெயர். டெறெக் றிக்ஸ் என்னும் ஓவியர் வரைந்தது. நாற்பது ஆண்டுக்கு மேலாகக் குழுவினரை விட அதுவே பெரிதும் அறியப்பட்டுள்ளது.

அத்தட்டின் சிகரம் அதன் கடைசிப் பாடல்; தூக்குமேடைக்குச் செல்லக் காத்திருக்கும் கைதியின் கூற்று. மணி ஒலிக்கத் தொடங்கி, அச்சம், மறுப்பு, தெளிவு என மனநிலை மாறமாற இசையும் வேகம் மாறிச் செல்கின்றது. ஏழு நிமிடத்தில் ஒரு மனிதனின் கடைசி நாழிகை முழுவதும் அடங்கியிருக்கின்றது. இக்குழுவிலிருந்து ஒரேயொரு பாடலைத் தருக எனின் யாம் இதனையே தருவோம். அதே தட்டிலுள்ள வேறொரு பாடல் அமெரிக்கப் பழங்குடியினர் வெள்ளையரால் துரத்தப்பட்டதைக் கூறுவது. முதலிற் குடிகளின் வாயாலும் பின்னர்த் துரத்துவோர் வாயாலும் அதனைச் சொல்வித்தமை கவனித்தற்குரியது. அதன் தொடக்கத்திலே தாளம் வாசிப்பவர் கிளைவ் பேர். முதல் மூன்று தட்டுக்களிலும் வாசித்தவர். நரம்பு நோயால் நெடுங்காலம் வருந்தி 2013 இல் மறைந்தார்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது 1983 இன் ‘பீஸ் ஒவ் மைன்ட்’. மக்பிறெய்ன் குழுவிற் சேர்ந்து வாசித்த முதற்றட்டு. 1854 இல் கிறிமியப் போரிலே பிரித்தானியக் குதிரைப்படை பீரங்கிகளின் முன் வீணே பாய்ந்து மாண்டதை ரெனிசன் பாடினார். அதே நிகழ்ச்சியை வீழ்ந்த வீரன் ஒருவன் சொல்வதாக ஹரிஸ் பாடலாக்கினார். யாம் மேலே கூறிய ‘தானன’ நடையைத் தெளிவாகக் கேட்க இதனினுஞ் சிறந்த இடமில்லை. பொருளே குதிரைப்படையாதலின் ஓசையும் பொருளும் ஒன்றுபட்டு நிற்கின்றன.

இனி, மூன்றையும் கேட்டவர்க்குப் பரிசு ஒன்று உண்டு: 1985 இல் வெளியான ‘லைவ் ஆஃப்ரர் டெத்’. பவர்ஸ்லேவை அடுத்து மேற்கொண்ட உலகப் பயணத்தின்போது, கலிபோர்ணியாவின் லோங் பீச் அரங்கிலும் இலண்டன் ஹமர்ஸ்மித் அரங்கிலும் பதிவுசெய்யப்பட்டது. சேர்ச்சிலின் 1940 ஆம் ஆண்டுப் பேச்சு ஒலிக்க, அது முடியுமுன் மக்கள் ஆரவாரிக்க, விமானிப் பாடல் பாய்கின்றது. இதனை முதலிலேயே கேட்கலாகாதா என்பர். கேட்கலாம், ஆயின் பாடல்களை முன்னரே அறிந்தவர்க்கே அவ்வாரவாரத்தின் பொருள் விளங்கும்.

இவ்வளவில் முதலிரு தட்டுக்களுக்குத் திரும்பலாம். 1980 இன் ‘அயன் மெய்டன்’, 1981 இன் ‘கில்லர்ஸ்’ என்பவற்றிற் பாடியவர் போல் டியானோ. 2024 இல் காலமானார். டிக்கின்சனுடையது கோபுர உச்சியை நோக்கும் குரல். டியானோவினுடையது தெருவில் நின்று கூப்பிடுங் குரல். முதற்றட்டின் ஒலிப்பதிவு ஹரிஸுக்கு நிறைவு தரவில்லை. இரண்டாவது தொடக்கம் 1992 வரை மார்ட்டின் பேர்ச் என்பவர் ஒலிப்பதிவை நெறிப்படுத்தினார். இக்குழுவின் ஒலி என நாம் இன்று அறிவது பெரும்பாலும் அவர் கைவண்ணமே. முதற்றட்டிலே, பாரிஸ் இசைநாடக அரங்கின் பேய் பற்றிய புகழ்பெற்ற நாவலைத் தழுவிய ஏழு நிமிடப் பாடல் ஒன்றுண்டு. பின்வந்த நெடும்பாடல்கள் அனைத்துக்கும் அதுவே தாய். இதனைக் காட்டியே எம் தமையனார், முதற்றட்டிலிருந்து தொடங்குவதே முறை என்று இன்றுவரை வாதிடுகின்றார். தாயைக் கண்டபின் பிள்ளைகளைக் காண் என்பது அவர் கட்சி. அவர் அத்தட்டை வெளிவந்த காலத்தை அண்டிக் கேட்டவர். அப்பொழுது வேறு தட்டு இல்லை. 17 தட்டுக்கள் முன்கிடக்கத் திகைப்பவனின் நிலை அவர்க்குத் தெரியாது என்பது எம் கட்சி.

1986 இன் ‘சம்வெயர் இன் ரைம்’ தட்டிற் கிற்றாரோடு மின்னொலிக் கருவிகளைப் பிணைத்தனர். 1988 இன் ‘செவன்த் சன் ஒவ் அ செவன்த் சன்’, ஏழாம் மகனுக்குப் பிறந்த ஏழாம் மகன் முக்காலமும் உணர்வான் என்னும் ஐதிகத்தைச் சுற்றிப் பின்னிய ஒரே கதை. வருவதை அறிந்தும் அதனைத் தடுக்க இயலாதவனின் துயரம் அதிலுள்ளது. பவர்ஸ்லேவுக்கு அடுத்து எம் மனத்துக்கு உகந்தது இதுவே. அதன்பின் ஏட்றியன் ஸ்மித் விலக, ஜனிக் கேர்ஸ் வந்தார். 1990 இன் தட்டை விரைந்து கடந்து செல்லலாம். 1992 இன் ‘ஃபியர் ஒவ் த டாக்’ தட்டிலே, இருளில் தனியே நடப்பவனின் அச்சத்தைக் கூறும் தலைப்புப் பாடல் ஒன்றே போதும்.

1993 இல் டிக்கின்சனும் விலகினார். அவரிடத்துக்கு வந்தவர் பிளேஸ் பெய்லி. 1995 இலும் 1998 இலும் அவர் பாடிய இரு தட்டுக்களைப் பலர் இகழ்ந்து ஒதுக்குவர். இங்கே சற்று நின்று நீதி செய்யவேண்டும். பெய்லியின் குரல் இயல்பாகவே தாழ்ந்த சுருதியுடையது. மேடையிலோ டிக்கின்சனின் உச்சக் குரலுக்காக ஆக்கப்பட்ட பாடல்களையும் அவர் பாடவேண்டியிருந்தது. சங்கீதம் அறிந்தவர்க்கு அதன் கொடுமை விளங்கும்; வேறொருவர் கட்டைக்கு அமைந்த கீர்த்தனையை நம் குரலிற் பாடச் சொல்வதை ஒப்பது அது. தம் குரலுக்கென ஆக்கிய பாடல்களில் அவர் சோடைபோகவில்லை. 1995 இன் ‘த எக்ஸ் ஃபக்ரர்’ இருண்ட தட்டு. ஹரிஸின் இல்லறம் முறிந்த காலத்தது. அதன் முதற்பாடல் பதினொரு நிமிடம் நீள்வது. டிக்கின்சன் மீண்டு வந்தபின்னரும் அதனை மேடையிலே பாடினார் என்பதே அதன் தகுதிக்குச் சான்று. ஆயினும் புகுவோர் இத்தட்டுக்களைப் பத்தாவது பதினோராவதாகவே கேட்க.

1999 இல் டிக்கின்சனும் ஸ்மித்தும் திரும்பினர், கேர்ஸும் விலக்கப்படவில்லை. அன்றுதொட்டுக் குழுவிலே கிற்றார் மூன்று. 2000 இல் பாரிஸிற் பதிவான ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ பிற்காலத்துக்குரிய வாயில். ஹரிஸ் தம் மறைந்த தந்தையாரை நினைந்து எழுதிய பாடல் ஒன்று அதிலுண்டு. அதனை வயது வந்தோர் தனிமையிற் கேட்பது நன்று. 2003 இன் தட்டில், 1917 இல் பசன்டேல் சேற்றிலே மாண்ட வீரர் பற்றிய பாடலைத் தவறவிடலாகாது.

அதன்மேல் வந்தவை நீண்டவை, நிதானமானவை. 2015 இன் ‘த புக் ஒவ் சோல்ஸ்’ 92 நிமிட இரட்டைத் தட்டு. அதன் ஈற்றுப் பாடல் 18 நிமிடம்; டிக்கின்சன் தாமே பியானோ வாசித்து எழுதியது. 1930 ஒக்ரோபரிலே, ‘ஆர் 101’ என்னும் பிரித்தானிய வான்கப்பல் பிரான்சில் வீழ்ந்து எரிந்து, அதிலிருந்த 54 பேரில் 48 பேர் மாண்டனர், அதுவே பொருள். முதுமாலுமிப் பாடலினும் நீண்டதொன்றை இக்குழு ஆக்கியது அப்பொழுதுதான். தட்டைப் பதிந்து முடித்தபின் டிக்கின்சனுக்கு நாவின் அடியிற் புற்றுநோய் கண்டு, சிகிச்சையால் அவர் நலம்பெற்றார். இவற்றின்பின் ‘செஞ்சுற்சு’வைக் கேட்பவன் நித்திரையாகமாட்டான் என்பது எம் நம்பிக்கை. மேற்சொன்ன மாணவன் எங்கிருந்தேனும் இம்மலரைக் காண்பானாயின், மீண்டும் ஒருமுறை முயல்வானாக; பிழை தட்டினுடையதன்று, எம்முடையது.

சென்ற ஆண்டுகளில் முதுமை இவர்களையுந் தொட்டது. மக்பிறெய்ன் 2023 இல் பாரிசவாதத்தாற் பாதிக்கப்பட்டு, மீண்டும் பயின்று வாசித்து, 2024 டிசெம்பரிலே பயண நிகழ்ச்சிகளிலிருந்து ஓய்வு பெற்றார். பொன்விழாப் பயணம் 2025 மே மாதம் புடாபெஸ்ற்றிலே புதிய தாளக்காரரோடு தொடங்கிற்று. யூன் 28 இல் அவர்கள் இலண்டன் விளையாட்டரங்கிலே பாடினர். ஹரிஸ் இளமை தொட்டு ஆதரிக்கும் வெஸ்ற் ஹாம் உதைபந்தாட்டக் கழகத்தின் அரங்கு அது. எம் தமையனார் தம் மகனோடு அங்கே சென்றிருந்தார். நிகழ்ச்சி தொடங்கியதும் எமக்குக் கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது: “பார்த்தாயா, முதல் நாலு பாட்டும் முதல் இரண்டு தட்டிலிருந்துதான். அவர்களே என் பக்கம்.” மேடைக்கும் மாணவனுக்கும் முறை வேறு என்று யாம் விடையெழுதினோம். அவர் அதற்கு மறுமொழி தரவில்லை.

பின்னர் இங்கே நள்ளிரவு கடந்தபின் தொலைபேசி ஒலித்தது. அவர் ஒன்றும் பேசாமற் கருவியை மேடையை நோக்கி உயர்த்திப் பிடித்திருந்தார். முதுமாலுமியின் பாடல். இரைச்சலிடையே ‘தானன’ நடை மட்டும் தெளிவாகக் கேட்டது. சில நிமிடத்தில் எல்லாம் ஓய்ந்தது. தொடர்பு அறுந்ததென எண்ணி, “அண்ணை, அண்ணை” என்று இருமுறை கூப்பிட்டோம். அறுந்திருக்கவில்லை. கப்பலின் மரம் முனகிற்று.